கையில் வைத்திருப்பவருக்கே பிள்ளை

"அப்பன்தானே, மாசாமாசம் காசு போட்டா போதும் லா."

இந்த வாக்கியத்தைக் கடந்த ஆறு ஆண்டுகளில் பலர் வாயால் கேட்டுவிட்டேன். கோப்பிக்கடையில் எதிரே உட்கார்ந்த நண்பர் சொன்னார். கோவில் கமிட்டிப் பெரியவர் சொன்னார். என் சொந்த அத்தை சொன்னார். எல்லாரும் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது: "பிள்ளையக் காட்ட மாட்டேங்குதா? காச நிறுத்துங்க அண்ணே, தன்னால வழிக்கு வரும்." இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போல மனைவியைப் பிரிந்து வாழும் ஆண்கள்.

முதல் வாக்கியம் அப்பாவைப் பணமாகப் பார்க்கிறது. இரண்டாவது, பிள்ளையையே பணத்துக்கு ஈடாக வைக்கச் சொல்கிறது. இரண்டு பேருக்கும் இடையில் பிள்ளை என்ற ஆள் காணாமல் போய்விடுகிறது. மலேசியத் தமிழர்களிடையே பிரிந்த அப்பாக்களின் உரிமை என்று எப்போதாவது எழும் பேச்சு இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பத்தாங் காலியில் இருக்கிறேன். முன்பு தோட்டமாக இருந்து, பிறகு தாமானாக மாறிய இடம். என் மகளுக்குப் பதினோரு வயது. அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை நான் அவளைப் பார்க்கலாம் என்று கோர்ட்டுக் கட்டளை என்னிடம் இருக்கிறது. அந்த ஞாயிறுகளில் பாதிக்குமேல் நடக்கவில்லை. காய்ச்சல், டியூசன், பிறந்தநாள் விருந்து, "அவளுக்கே வர இஷ்டம் இல்ல". இவற்றில் சில உண்மையாகவும் இருக்கலாம். எது உண்மை என்று எனக்குத் தெரிய வழியில்லை என்பதுதான் என் நிலைமை. என் மகளின் அம்மாவைக் குற்றம் சாட்ட இந்தக் கட்டுரை இல்லை. அந்த வழக்கை இங்கே நடத்த நான் விரும்பவில்லை. நான் பேச வந்தது சட்டத்தைப் பற்றி.

முதலில் சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் கோப்பிக்கடை வாதங்களில் பாதி, இல்லாத சட்டத்தோடு நடக்கிற சண்டை.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1976ல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 88ஆவது பிரிவு, பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்யும்போது பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது. பெற்றோரின் விருப்பத்தையும், சொந்தமாகக் கருத்துச் சொல்லும் வயதில் பிள்ளை இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கச் சொல்கிறது. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அம்மாவோடு இருப்பதே நல்லது என்று ஓர் ஊகம் வைத்திருக்கிறது. ஆனால் அது மறுக்கக்கூடிய ஊகம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 89ஆவது பிரிவு, பிள்ளை கையில் இல்லாத பெற்றோருக்குச் சந்திக்கும் உரிமையை நீதிமன்றம் வழங்கலாம் என்கிறது. பிள்ளை யார் கையில் இருந்தாலும் அதைப் பராமரிக்கும் கடமை பெற்றோருக்கு உண்டு என்கிறது 92. அம்மாவுக்கு வசதி இருந்தால் அவரையும் பணம் தரச் சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

"சட்டம் முழுக்கப் பொம்பளைங்க பக்கம்தான்" என்று சொல்லும் நண்பர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும். படித்துவிட்டு இன்னொரு வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவலர் சட்டம் 1999ல் திருத்தப்படும் வரை, இந்த நாட்டில் பிள்ளையின் பாதுகாவலர் அப்பாதான். அம்மாவுக்குச் சம உரிமை அந்தத் திருத்தத்தில்தான் கிடைத்தது. அதே 1999ல்தான் இந்திய உச்ச நீதிமன்றத்தில் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கின் தீர்ப்பும் வந்தது. மகன் பெயரில் பத்திரம் வாங்க அவர் கையெழுத்துப் போட்டார். அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே வழக்குப் போட்டார்கள். அப்பாவுக்குப் 'பிறகு' அம்மா என்று சட்டத்தில் இருந்ததை, அப்பா செத்த பிறகு என்று படிக்கக் கூடாது, அவர் பொறுப்பில் இல்லாதபோது என்றும் படிக்கலாம் என்று நீதிமன்றம் விளக்கம் சொன்னது. பெற்ற அம்மா தன் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடுவதற்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்த காலம் நேற்றுத்தான் முடிந்திருக்கிறது. ஆகவே ஆண்கள் காலங்காலமாக ஏமாற்றப்பட்ட இனம் என்ற ஒப்பாரியை நான் பாடத் தயாராக இல்லை.

அப்படியானால் என் புகார் என்ன? புத்தகத்தில் எழுதப்படாத இன்னொரு விதி ஆட்சி செய்கிறது என்பதுதான். பிள்ளையை யார் கையில் வைத்திருக்கிறாரோ அவருக்கே பிள்ளை என்பது அந்த விதி.

இதற்குச் சாட்சியாக நான் என் வழக்கைக் கொண்டுவரப் போவதில்லை. இந்த நாடே அறிந்த இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டிலும் பாதிக்கப்பட்டவர்கள் அம்மாக்கள்.

ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திராகாந்தி. 2009ல் அவர் கணவர் இஸ்லாத்துக்கு மாறினார். மூன்று பிள்ளைகளையும் அம்மாவின் சம்மதம் இல்லாமல் மதம் மாற்றினார். பதினோரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். 2010ல் உயர்நீதிமன்றம் மூன்று பிள்ளைகளையும் அம்மாவிடம் ஒப்படைத்தது. 2016ல் கூட்டரசு நீதிமன்றம், அந்த மனிதருக்கு எதிரான கைது ஆணையை நிறைவேற்றும்படி போலீஸ் படைத் தலைவருக்கே கட்டளையிட்டது. 2018 ஜனவரி 29ல் அதே கூட்டரசு நீதிமன்றம், ஒரு தரப்பாகச் செய்த மதமாற்றம் செல்லாது, பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காகிதத்தில் அந்த அம்மா பெற வேண்டிய எல்லா வெற்றியையும் பெற்றுவிட்டார். அந்தக் கடைசித் தீர்ப்பு வந்து ஆண்டுகள் பல ஓடியும் மகள் அவரிடம் வந்து சேரவில்லை. கைக்குழந்தையாகப் போன பிள்ளை குமரியாகிவிட்டாள்.

நெகிரி செம்பிலானைச் சேர்ந்த தீபாவின் வழக்கு இரண்டாவது. அவர் கணவரும் மதம் மாறிப் பிள்ளைகளையும் மாற்றியவர். 2014 ஏப்ரலில் சிரம்பான் உயர்நீதிமன்றம் இரண்டு பிள்ளைகளையும் தீபாவிடம் ஒப்படைத்தது. சில நாள்களிலேயே அப்பா வந்து மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வழக்கு மேலே மேலே போனது. 2016 பிப்ரவரி 10ல் கூட்டரசு நீதிமன்றம் மகளை அம்மாவிடமும் மகனை அப்பாவிடமும் ஒப்படைத்தது. பிள்ளைகளிடம் கேட்டபோது அவர்கள் அப்படித்தான் இருக்க விரும்பினார்கள் என்பது காரணம்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சிறுவன் பொய் சொல்லவில்லை. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் அப்பாவோடு இருந்த பிள்ளை அப்பாவோடு இருக்கிறேன் என்றுதானே சொல்லும்? நீதிபதிகளும் சட்டத்தை மீறவில்லை. பிள்ளையின் விருப்பத்தைக் கேள் என்கிறது 88. பழகிய இடத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்கி அதன் வாழ்க்கையைக் கலைப்பது நல்லதல்ல என்பதையும் எண்ணிப் பார் என்கிறது. எல்லாமே நியாயமான சொற்கள். ஆனால் இந்தச் சொற்களோடு காலதாமதம் சேரும்போது, முதல் நாள் பிள்ளையைத் தூக்கியவர் கடைசி நாள் ஜெயிக்கிறார். நடுவில் ஓடிய காலமே அவருக்குச் சாட்சி சொல்கிறது.

நம் ஊரில் இந்த இரண்டு வழக்குகளையும் மத வழக்குகளாக மட்டுமே படித்தோம். அப்படிப் படித்ததில் தவறில்லை. ஒரு பெற்றோர் மட்டும் முடிவெடுத்துப் பிள்ளையின் மதத்தை மாற்றுவது அநியாயம். ஆனால் மதத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள், உள்ளே இருக்கும் பொறி அப்படியே தெரியும். கட்டளை இருக்கிறது, பிள்ளை இல்லை. அதே பொறி, மதம் எதுவும் கலக்காத ஆயிரம் வீடுகளிலும் ஓசையில்லாமல் வேலை செய்கிறது. அங்கே யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தலைமறைவாவதில்லை. ஒரு ஞாயிறு காய்ச்சல் வருகிறது. அடுத்த ஞாயிறு டியூசன். ஓர் ஆண்டு போனதும், "அப்பாகூடப் போறியா?" என்று கேட்டால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. அது முழுக்க யாரோ சொல்லிக்கொடுத்த தலைகுனிவு என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஆண்டு பழகாத ஆளிடம் பிள்ளைக்கு வரும் இயல்பான கூச்சமாகவும் இருக்கலாம். கூச்சம் வரும் அளவுக்கு நாள் ஓடவிட்டது யார் என்பதே கேள்வி.

இனி உலு சிலாங்கூருக்கு வருகிறேன். ஜீவனாம்சம் வேண்டுமென்றால் 1950ஆம் ஆண்டின் மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் கீழ்நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். அப்படித்தான் இருக்கவும் வேண்டும், அரிசி வாங்குவது அவசரம். ஆனால் மணவிலக்கும் அதில் பிள்ளையைப் பற்றிய கட்டளையும் உயர்நீதிமன்றத்தின் வேலை. சிலாங்கூர்க்காரனுக்கு உயர்நீதிமன்றம் என்றால் ஷா ஆலாம். பத்தாங் காலி ஸ்டேஷனில் கொமுட்டர் ஏறினால் கோலாலம்பூரைத் தாண்டி, கிள்ளான் போகிற அதே தடத்தில் ஷா ஆலாம் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து கோர்ட்டுக்கு இன்னொரு வண்டி. செராண்டாவிலோ ரவாங்கிலோ ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை செய்கிறவனுக்கு ஒரு தவணை என்பது ஒரு நாள் சம்பளம். பால்மரக் காட்டிலும் செம்பனையிலும் நாள்கூலிக்கு நிற்கிறவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு சந்திப்பு தடுக்கப்பட்டால் என்ன செய்யலாம்? நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போடலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டும், சத்தியப் பிரமாணம் எழுத வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடைசியில் ஜெயித்தால் என்ன கிடைக்கும்? பிள்ளையின் அம்மாவுக்கு அபராதமோ சிறையோ. எந்தப் பிள்ளை, தன் அம்மாவைச் சிறைக்கு அனுப்பிய அப்பனைக் கட்டிக்கொள்ளும்? சட்டம் என் கையில் கொடுத்திருக்கும் ஒரே ஆயுதம், எடுத்தால் என் பிள்ளைமேல் படும் ஆயுதம்.

முன்பெல்லாம் தோட்டத்தில் இப்படி இல்லை என்று சிலர் பழைய கதை சொல்வார்கள். தண்டலும் கிராணியும் பெரியவர்களும் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசித் தீர்த்துவைத்தார்கள் என்பார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. சம்சு குடித்துவிட்டு வந்து அடித்த புருஷனிடமே பெண்ணைத் திருப்பி அனுப்பிவைத்த பஞ்சாயத்துகளும் அவைதான். அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். தோட்டங்கள் விற்கப்பட்டு ஆள்கள் தாமானுக்கும் மலிவு வீடுகளுக்கும் சிதறியபோது அந்தப் பஞ்சாயத்தும் போனது. அதன் இடத்துக்கு வேறு எதுவும் வரவில்லை என்பதுதான் என் வருத்தம். ஒருதரப்பாக மணவிலக்குக் கேட்பவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, முதலில் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும் என்கிறது 106ஆவது பிரிவு. அது கணவன் மனைவியைச் சேர்த்துவைக்கப் பார்க்கும் ஏற்பாடு. சேரவில்லை என்றால் ஒரு சான்றிதழ். சேர முடியாத இரண்டு பேர், தங்கள் பிள்ளையை எப்படிச் சேர்ந்து வளர்ப்பது என்று உட்கார்ந்து பேசுவதற்கு நம் ஊரில் ஒரு மேசை கிடையாது.

இந்த இடத்தில் சில நண்பர்கள் மேசையைத் தட்டுவார்கள். "அப்படீன்னா பாதிப் பாதின்னு சட்டம் போடணும் லா. வாரத்துல மூன்றரை நாள் அப்பாகிட்ட, மூன்றரை நாள் அம்மாகிட்ட." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியா 2006ல் பெற்றோருக்குச் சமப் பொறுப்பு என்ற ஊகத்தைச் சட்டத்தில் எழுதியது. சமப் பொறுப்பு என்பதைப் பலரும் சம நேரம் என்று புரிந்துகொண்டார்கள். அடிக்குப் பயந்து பிரிந்த பெண்கள் அடித்தவனோடு ஓயாமல் பேரம் பேச வேண்டியிருந்தது. 2023ல் திருத்தம் கொண்டுவந்து, 2024 மே மாதம் முதல் அந்த ஊகத்தையே நீக்கிவிட்டார்கள். நாள்களை வெட்டிக் கொடுக்கும் சட்டம் எல்லா வீட்டையும் ஒரே வீடாகப் பார்க்கிறது. வீட்டுக்கு வீடு வாசற்படி வேறு. பிள்ளையை அடிக்கிறவன், அம்மாவை அடிக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை போதையில் வருகிறவன், இவர்களுக்கும் எனக்கும் ஒரே கணக்குப் போடச் சொல்லி நான் கேட்க மாட்டேன். 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் நம் பெண்களுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று தெரியாதவர்கள் அப்பாக்களின் உரிமையைப் பேசத் தகுதியற்றவர்கள்.

பணத்தை நிறுத்தச் சொல்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சந்திப்பு தடைபட்டால் பணத்தை நிறுத்தலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைத் தன் போக்கில் மறைக்கலாம் என்றும் சொல்லவில்லை. மகள் என்னோடு வராத ஞாயிறிலும் அவளுக்குப் பசிக்கும். பள்ளிக் கட்டணம் அவள் அம்மாவுக்கு நான் கொடுக்கும் பரிசு இல்லை. 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதினெட்டு வயதைத் தாண்டியும் மேற்படிப்போ பயிற்சியோ முடியும்வரை பராமரிப்புத் தொகை நீளலாம். அதைக் கேட்டு முகம் சுளித்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பல்கலைக்கழகம் போவதற்குப் பணம் கொடுக்க மனமில்லாதவன், எந்த உரிமையைத்தான் கேட்கிறான்?

பேசப்படாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. கோவிலில் தாலி கட்டி, பதிவிலாகாவில் பதியாமல் குடும்பம் நடத்தியவர்கள். 1982க்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்குப் பதிவு கட்டாயம். ஆனால் தோட்டப்புறங்களில் "சாமி முன்னால கட்டினது போதாதா" என்று விட்டுவிட்டவர்கள் உண்டு. பதிவில்லாத உறவில் பிறந்த பிள்ளையின் சூராட் பெரானாக்கில், அம்மாவும் சேர்ந்து கேட்டால்தான் அப்பாவின் பெயர் ஏறும். பிரியும்போது அந்த ஆணுக்கு மணவிலக்கு வழக்கே கிடையாது. இல்லாத திருமணத்துக்கு ஏது விலக்கு? அதோடு சேர்ந்து பிள்ளையைப் பார்க்கக் கேட்கும் எளிய வழியும் அடைபடுகிறது. மனைவி வெளிநாட்டுக்காரராக இருந்தால் இன்னும் மோசம். மலேசிய அப்பாவுக்கும் வெளிநாட்டு அம்மாவுக்கும் பதிவுத் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை அப்பா வழியில் குடியுரிமை பெற முடியாது என்று 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அப்பாக்களின் உரிமைக்காகக் குரல் கொடுக்கிறேன் என்பவர்கள் முதலில் தங்கள் கோவிலில் நடக்கும் கல்யாணங்கள் பதியப்படுகின்றனவா என்று பார்க்கட்டும். மேளதாளத்துக்கு ஆகும் செலவில் சிறு துளிகூட அதற்கு ஆகாது.

எனக்கு வேண்டியவை பெரியவை அல்ல. முதலாவது, சந்திப்புக் கட்டளை மீறப்பட்டால் பக்கத்து ஊர் கீழ்நீதிமன்றத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமல், ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுக்க வழி வேண்டும். ஜீவனாம்சத்துக்குக் கதவு திறந்திருக்கும் இடத்தில் இதற்கும் ஒரு கதவைத் திறப்பது நடக்காத காரியமா? கோலக் குபு பாருவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டு இருக்கிறது. இரண்டாவது, சில வாரங்களுக்குள் விசாரணை. இதில் காலதாமதம் நடுநிலை வகிப்பதில்லை, எப்போதும் ஒரு பக்கம்தான் சாய்கிறது. மூன்றாவது, சிறைக்கு முந்தைய படிகள். சிங்கப்பூர் 2022ல் தன் பெண்கள் சாசனத்தைத் திருத்தியபோது, தவறவிட்ட சந்திப்புக்கு ஈடாக வேறு நாள், வீணான செலவுக்கு ஈட்டுத்தொகை, பெற்றோருக்குக் கட்டாய ஆலோசனை என்று படிப்படியாக வைத்தது. சட்டத்தின் பெயர் பெண்கள் சாசனம், அப்பாக்களுக்கான பரிகாரம் அதற்குள்ளேயே வந்திருக்கிறது. பெண்களின் உரிமையைக் குறைத்தால்தான் அப்பாவுக்கு எதுவும் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

நான்காவது ஒன்று உண்டு. வன்முறை இருந்த வீடுகளில் அல்லது அப்படிச் சந்தேகம் உள்ள வீடுகளில், சமூகநல இலாகா அலுவலர் ஒருவர் உடன் இருந்து பார்க்கும் சந்திப்பு இடம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். இப்போது பிள்ளையைக் கைமாற்றும் இடம் போலீஸ் ஸ்டேஷன் வாசல் அல்லது பேரங்காடியின் கோழிக்கடை. நானே இரண்டிலும் நின்றிருக்கிறேன். கோழிக்கடை பரவாயில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு முறை மகள் கேட்டாள்: "ப்பா, நாம என்னா தப்பு செஞ்சோம்?"

இந்த நான்கும் அம்மாக்களுக்கும் அப்படியே பொருந்தும். பிள்ளையை இழந்து நிற்கும் அம்மா இந்திராகாந்தி மட்டுமல்ல. மாமியார் வீட்டில் பிள்ளையைப் பிடுங்கிவைத்துக்கொண்டு துரத்தப்பட்ட பெண்கள் இந்தத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களிடமும் கட்டளை இருக்கும், பிள்ளை இருக்காது. அவர்களோடு சேர்ந்து நின்று கேட்டால் இந்தக் கோரிக்கைக்கு ஒரு பலம் வரும். ஆண்கள் தனியாக ஒரு வாட்சாப் குழுவில் உட்கார்ந்து பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தால், வெளியே யாரும் காது கொடுக்கப் போவதில்லை, கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நாடாளுமன்றத்தில் நம் பெயரைச் சொல்லி உட்கார்ந்திருப்பவர்கள் 2017ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பிள்ளையின் மதத்தை இரு பெற்றோரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்ற 88ஏ பிரிவை மசோதாவில் வைத்து, பிறகு பின்வாங்கி எடுத்துவிட்டார்கள். அப்போது நமக்குக் கோபம் வந்தது, வர வேண்டிய கோபம். அடுத்த முறை இந்தச் சட்டம் மேசைக்கு வரும்போது அந்தப் பிரிவோடு சேர்த்து, கட்டளை கையில் இருந்தும் பிள்ளையைப் பார்க்க முடியாதவர்களின் மனுவும் அங்கே இருக்க வேண்டும். அதற்கு வழக்கறிஞர் மன்றத்துக்கும் பெண்கள் அமைப்புகளுக்கும் நம் இயக்கங்கள் இப்போதே எழுதத் தொடங்கலாம். என் மகளுக்குப் பதினெட்டு ஆக இன்னும் ஏழு ஆண்டுகள். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் நூற்று எண்பத்திரண்டு ஞாயிறுகள். அவள் விஷயத்தில் சட்டம் செய்ய வேண்டியது எதுவாக இருந்தாலும் அதற்குள் செய்தால்தான் உண்டு.